மினி பிசியில் ப்ராக்ஸ்மாக்ஸ்: எதை எந்த டிஸ்கில் வைப்பது, பேக்கப் எங்கே எடுப்பது?

ஜவுளிக்கடை மகன், ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு மினி பிசியில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஓட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டோரேஜும் பேக்கப்பும்தான் இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்குவதற்குள் சரி செய்துவிடச் சொல்லி அப்பா கெடு வைத்திருக்கிறார்.

கையில் இருப்பது: இன்டெல் என்100 மினி பிசி, 16 ஜிபி ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. உள்ளே இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் ஒன்று வைக்க இடம் காலியாக இருக்கிறது. வெளியே 4 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அப்புறம் ஒரு பழைய ஐ3 லேப்டாப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பேட்டரி இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.

அதில் ஓடுவது: அப்பாவின் ஜவுளிக் கடைக்காக ஒரு விண்டோஸ் விஎம், அதற்குள் டேலி. கணக்கு எழுதுகிற அக்கா கடையிலிருந்து ரிமோட்டில் வந்து வேலை செய்வார். டிஸ்க் 120 ஜிபி, டேலி டேட்டா மட்டும் பார்த்தால் 2 ஜிபி கூட இல்லை. அடுத்து, போட்டோக்களை நம் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும் இம்மிச். கூகுள் போட்டோஸில் 2021 ஜூனோடு இலவசம் நின்ற பிறகு நானும் மனைவியும் படங்களை மெல்ல மெல்ல இங்கே கொண்டுவந்துவிட்டோம், இப்போது 600 ஜிபி. ஜெல்லிஃபினில் சினிமா 2 டிபி. கூடவே வீட்டுச் சாதனங்களுக்கான ஹோம் அசிஸ்டென்ட், விளம்பரம் தடுக்கும் பை-ஹோல். போட்டோவும் சினிமாவும் இப்போதைக்கு அந்த யுஎஸ்பி டிஸ்கிலேயே கிடக்கின்றன.

என் திட்டம்: இன்னொரு 4 டிபி யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, இரண்டையும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி, சேர்ப்பது. அதைப் பார்த்துக்கொள்ள ட்ரூநாஸ் என்ற ஸ்டோரேஜ் சிஸ்டத்தை ஒரு விஎம்மாகப் போடுவது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை இன்னொரு விஎம்மாக ஓட்டி, அந்த மிரரிலேயே பேக்கப் எடுப்பது. இது சரிவருமா? ஒரு எஸ்எஸ்டியும் ஒரு யுஎஸ்பி டிஸ்கும் வாங்கும் அளவுக்குப் பட்ஜெட் இருக்கிறது. கரண்ட் பில் ஏறினால் வீட்டில் கேள்வி வரும், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பழைய பெட்டி, மதுரை

யுஎஸ்பியில் மிரர் வேண்டாம் நண்பரே. வயர் லேசாக அசைந்தாலே ஒரு டிஸ்க் காணாமல் போகும், திரும்ப வரும், இசட்எஃப்எஸ் மறுபடி மறுபடி சரிபார்க்க உட்காரும். பேசாமல் இரண்டு டிஸ்க் போடுகிற ரெடிமேட் நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் டிஸ்க் பெட்டி) ஒன்று வாங்கிவிடுங்கள், தலைவலி தீரும்.

சர்வர்ரூம்வாசி, கோவை

நாஸ் வாங்கச் சொல்வது எளிது, அவர் பட்ஜெட்டையும் பார்க்க வேண்டும். யுஎஸ்பி மிரர் பற்றிச் சொன்னது சரி.

தம்பி, டிஸ்கிலிருந்து யோசிக்கத் தொடங்கினால் இப்படித்தான் ட்ரூநாஸ், மிரர் என்று போய் நிற்கும். நான் ஒரு நூற்பாலையில் ஐடி பார்க்கிறேன். அங்கே புது சர்வர் வரும்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாளைக் காலையில் இந்தப் பெட்டி எரிந்து கிடந்தால் எது எத்தனை மணிக்குள் திரும்ப வர வேண்டும், எது வராமலே போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்? அதற்குப் பதில் எழுதிவிட்டால் டிஸ்க் கணக்கு தானாக வந்துவிடும்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். டேலி மதியத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கடையில் பில் போட முடியாது. அது மட்டுமில்லை, ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். அதனால் நேற்றைய நகல் மட்டும் போதாது, வருடத்துக்கு ஒரு நகலும் கிடக்க வேண்டும். போட்டோ வேறு ரகம்: ஒரு வாரம் கழித்து வந்தாலும் குடி முழுகாது, ஆனால் கட்டாயம் வந்தாக வேண்டும். ஹோம் அசிஸ்டென்ட்டும் பை-ஹோலும் சில ஜிபிதான், கூடவே போகட்டும். சினிமா போனால் போகட்டும்.

ஆக, மொத்தம் இரண்டே முக்கால் டிபி என்று நீங்கள் பயந்துகொண்டிருப்பதில் உண்மையில் காப்பாற்ற வேண்டியது சுமார் 720 ஜிபி. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

என்விஎம்இ-யில் ப்ராக்ஸ்மாக்ஸ், விண்டோஸ், சில்லறை விஎம்கள். இன்ஸ்டாலர் தானாகப் போட்டுக் கொடுக்கும் எல்விஎம்-தின் என்ற டிஸ்க் பங்கீட்டு முறை அப்படியே இருக்கட்டும். அதில் ஒரே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: இருப்பதைவிட அதிக இடத்தை விஎம்களுக்கு வாக்குக் கொடுக்க அது விடும். அந்தப் பொது இடம் (பூல்) நிரம்பிவிட்டால் ஒரு விஎம் மட்டும் இல்லை, அதில் எழுத முயலும் எல்லாமே நின்றுவிடும். ஒவ்வொரு விஎம் டிஸ்கிலும் டிஸ்கார்டு ஆப்ஷனை ஆன் செய்யுங்கள், உள்ளே அழிக்கும் இடம் அப்போதுதான் வெளியே காலியாகும்.

காலியான சாட்டா இடத்தில் 2 டிபி எஸ்எஸ்டி, போட்டோவுக்கு மட்டும். அங்கே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் போட்டால் மலிவாகுமே என்று தோன்றும். அந்த அளவில் பெரிய கொள்ளளவு டிஸ்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குகிற மாதிரி தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒன்றை மாற்றி எழுத, பக்கத்தில் உள்ளதையும் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். படம் அடுக்கி வைக்கப் பரவாயில்லை, விஎம் டிஸ்க் வைத்தால் உட்கார்ந்துவிடும்.

இப்போதுள்ள யுஎஸ்பி டிஸ்க் சினிமாவோடு இருக்கட்டும். ட்ரூநாஸை மறந்துவிடுங்கள். ஒரே பெட்டிக்குள் ஒரு டிஸ்கை ஒரு விஎம்மிடம் கொடுத்து, அதை நெட்வொர்க் வழியாக வாங்கி அடுத்த விஎம்முக்குக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? டிஸ்க் கன்ட்ரோலரையே தனியாகப் பிரித்து விஎம்முக்குக் கொடுக்க முடிகிற பெட்டிகளில் ட்ரூநாஸ் நல்ல சாமான். உங்கள் மினி பிசி அதற்கானது இல்லை.

மிரர் பற்றி: ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான் மிரர். உங்கள் மனைவி தவறி ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும். உங்களுக்கு வேலை அரை நாள் நிற்கலாம், டேட்டா போகக் கூடாது. அப்படியானால் இரண்டாவது டிஸ்கை வேறு பெட்டியில் வையுங்கள்.

அந்த வேறு பெட்டிதான் உங்கள் பழைய லேப்டாப். ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை அதில் நேரடியாகப் போடுங்கள், விஎம்மாக வேண்டாம். மினி பிசி செத்த அன்று பேக்கப் சர்வரும் அதற்குள்ளேயே செத்துக் கிடந்தால், முதலில் பேக்கப் சர்வரை உயிர்ப்பித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட முடியும். பதற்றத்தில் செய்கிற வேலையா அது? லேப்டாப்பில் இன்னொரு வசதி, பேட்டரியே யுபிஎஸ். 256 ஜிபி எஸ்எஸ்டியில் சிஸ்டம், புதிதாக வாங்கும் 4 டிபி யுஎஸ்பி டிஸ்கில் பேக்கப்கள் கிடக்கும் டேட்டாஸ்டோர்.

விஎம் டிஸ்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஏற்கெனவே இருக்கிற துண்டை மறுபடி எழுதாது என்பதுதான் இந்த சர்வரின் சிறப்பு. முதல் நாள்தான் 120 ஜிபியும் போகும், மறுநாளிலிருந்து மாறிய துண்டுகள் மட்டும். அதனால் தினசரி 7, வாரம் 4, மாதம் 12, வருடம் 7 என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்கில் வேண்டாத துண்டுகளைக் கழிக்கும் குப்பை அள்ளும் வேலையும் சரிபார்ப்பும் மெதுவாகத்தான் நடக்கும், ஞாயிறு இரவு ஓட விட்டுவிடுங்கள். பழைய பேக்கப்பை நீக்கிய உடனே இடம் கூடவில்லையே என்று திகைக்க வேண்டாம். கடைசியாகத் தொட்டு 24 மணி நேரம் தாண்டாத துண்டை அது அழிக்காது, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அனுமதி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டு சர்வர் வைத்திருப்பவர்கள் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பேக்கப் சர்வருக்குள் நுழைய மினி பிசிக்குக் கொடுக்கும் டோக்கனில் டேட்டாஸ்டோர்பேக்கப் என்ற ரோல் மட்டும் கொடுங்கள். எழுதலாம், தன்னுடையதைப் படித்து மீட்கலாம், நீக்க முடியாது. பழையதைக் கழிக்கும் வேலையை லேப்டாப் பக்கத்திலேயே ஜாபாகப் போடுங்கள். ஆடிட்டர் ஆபீஸ் பென் டிரைவிலிருந்து ஏதாவது விண்டோஸுக்குள் புகுந்து, அங்கிருந்து மினி பிசியையே பிடித்துவிட்டாலும் பழைய பேக்கப்பில் கை வைக்க முடியாது.

கரண்ட்: இரண்டும் சேர்ந்து சராசரி 30 வாட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 43 யூனிட் வரும். பழைய டெஸ்க்டாப் ஒன்றை நாஸாக்கி 70 வாட் இழுக்க விட்டால் 100 யூனிட் அதற்கே போய்விடும். லேப்டாப் இரவில் மட்டும் விழித்தால் போதும் என்றால் இன்னும் குறையும்.

கர்னல் பித்தன், சென்னை

அண்ணன் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. இரண்டு இடத்தில் மட்டும் இடிக்கிறது.

ஒன்று, அந்த 2 டிபி எஸ்எஸ்டியில் என்ன ஃபைல் சிஸ்டம் என்று அவர் சொல்லவில்லை. இசட்எஃப்எஸ் என்றால் நான் எதிர்ப்பு. ஒற்றை டிஸ்கில் இசட்எஃப்எஸ் கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும், சரி செய்யாது. சாதாரண எஸ்எஸ்டியில் எழுத்தும் கூடும், ரேமையும் தின்னும். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இரண்டு, எல்லா நகலும் ஒரே வீட்டில் இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதியில் கடைசி 1-தான் எல்லோரும் விட்டுவிடுவது: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் அல்லது வெளி இடத்தில். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். அதே மேசையில் இருந்த நாஸும் பேக்கப் டிஸ்கும் சேர்ந்தே நனைந்தன. 40 எம்பிபிஎஸ் அப்லோடு இருந்தால் 600 ஜிபி ஒன்றரை நாளில் கிளவுடுக்குப் போய்விடும்.

ஜவுளிக்கடை மகன், ஈரோடு

ரொம்ப நன்றி அண்ணா, நன்றி நண்பர்களே. 720 ஜிபி என்று பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. ட்ரூநாஸை விட்டுவிட்டேன்.

கடை வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், மாடியில்தான் ஆபீஸ் ரூம். அங்கே ஒரு டிஸ்க் வைக்க முடியும். கிளவுடுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதை அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார்.

இன்னும் இரண்டு சந்தேகம். இம்மிச் இப்போது எல்எக்ஸ்சி கண்டெய்னருக்குள் (விஎம்மைவிட இலகுவான தனி அறை மாதிரி) டாக்கரில் ஓடுகிறது. போட்டோ ஃபோல்டர் யுஎஸ்பி டிஸ்கிலிருந்து பைண்ட் மவுண்ட், அதாவது வெளியே உள்ள ஃபோல்டரை உள்ளே காட்டுவது. எஸ்எஸ்டிக்கு மாற்றும்போதும் அப்படியே வைக்கலாமா? அடுத்து, லேப்டாப்பில் நெட்வொர்க் வேகம் 100 எம்பிபிஎஸ் என்றுதான் காட்டுகிறது, வயரை மாற்றியும் அதே. பரவாயில்லையா?

சர்வர்ரூம்வாசி, கோவை

நல்லவேளை கேட்டீர்கள். பைண்ட் மவுண்ட் பேக்கப்பில் வரவே வராது. ஜாப் பச்சை நிறத்தில் முடிந்தது என்று காட்டும், கண்டெய்னரும் உள்ளே இருக்கும், 600 ஜிபி படம் மட்டும் இருக்காது. இப்போதே பழைய பேக்கப் ஏதாவது இருந்தால் அதன் அளவைப் பாருங்கள், புரியும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணத்திலேயே டாக்கரை விஎம்முக்குள் ஓட்டத்தான் சொல்கிறார்கள். ஆகவே இம்மிச்சுக்கு ஒரு டெபியன் விஎம். அதற்கு இரண்டு டிஸ்க்: சிஸ்டமும் டேட்டாபேஸும் என்விஎம்இ-யில் 64 ஜிபி, படங்களுக்கு எஸ்எஸ்டியில் 1.4 டிபி. எழுதிய அளவுக்கு மட்டும் இடம் எடுக்கும் தின் பிரொவிஷன் ஆப்ஷனை டிக் செய்ய மறக்க வேண்டாம். படங்கள் மெய்நிகர் டிஸ்குக்குள் போய்விட்டால் ஒரு படத்தை எப்படி மீட்பது என்று கேட்பீர்கள். பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து ஃபைல் ரீஸ்டோர் அழுத்தினால் உள்ளே ஃபோல்டர் ஃபோல்டராகத் திறக்கும், வேண்டியதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். விஎம் ஓடிக்கொண்டே இருக்கிறவரை எந்தத் துண்டு மாறியது என்று விஎம்மை ஓட்டும் க்யூஈஎம்யூ குறித்து வைத்திருக்கும், இரவு பேக்கப் சில நிமிடத்தில் முடியும். விஎம்மை நிறுத்தி எழுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், அன்றைக்கு முழு டிஸ்கையும் படித்துப் பார்க்கும். ஆனாலும் மாறியது மட்டும்தான் லேப்டாப்புக்குப் போகும்.

எல்லா விஎம்மிலும் கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலைப் போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கமும் அதை ஆன் செய்யுங்கள். பேக்கப் தொடங்கும் நொடியில் உள்ளே எழுதிக்கொண்டிருப்பதை ஒரு கணம் நிறுத்தி வைக்கும். டேலிக்கு இது முக்கியம். அதற்கு மேல் டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பையும் அந்த அக்கா சாயங்காலம் கடை மூடும் முன் எடுக்கட்டும், விஎம்மை மீட்காமலே கணக்கை மட்டும் மீட்க அது உதவும்.

100 வேகம் பரவாயில்லையா என்றால், இல்லை. அந்தக் கால மலிவு லேப்டாப்கள் பலவற்றில் போர்ட்டே 100-தான், வயரில் குற்றமில்லை. நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி. விண்டோஸின் 120 ஜிபியை மீட்க 3 மணி நேரம். முதல் முழு பேக்கப் 720 ஜிபி, 18 மணி நேரம். ஒரு யுஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் போட்டால் அதே விண்டோஸ் இருபது நிமிடத்தை ஒட்டி வரும். ஹார்ட் டிஸ்கிலிருந்து துண்டு துண்டாகப் படிக்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகலாம். எஸ்எஸ்டியில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தாவது இதை வாங்குங்கள். டேலி மதியத்துக்குள் வருமா வராதா என்பதை இந்தச் சின்ன சாமான்தான் முடிவு செய்யும்.

கர்னல் பித்தனுக்கு: என்விஎம்இ-யில் இசட்எஃப்எஸ் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி. போட்டோ டிஸ்கில் ஒற்றையாக இருந்தாலும் போடத்தான் சொல்வேன். சரி செய்யாது என்கிறீர்கள், எனக்கு அது சொல்லிவிட்டால் போதும். எக்ஸ்ட்4-இல் ஒரு படம் கெட்டால் யாருக்கும் தெரியாது. கெட்ட படமே பேக்கப்புக்கும் போகும், நல்லது இருந்த பழைய பேக்கப் ஒருநாள் கழிந்துவிடும். மாதம் ஒரு ஸ்க்ரப் (முழு டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓடினால் எங்கே பிழை என்று சொல்லிவிடும், நல்ல நகல் கழிவதற்குள் எடுத்துவிடலாம். எழுத்து கூடுகிறது என்ற கவலை, எழுதிவிட்டுச் சும்மா கிடக்கும் படங்களுக்குப் பொருந்தாது. ரேமைப் பொறுத்தவரை, ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும்போது இசட்எஃப்எஸ் கேஷை ரேமில் பத்தில் ஒரு பங்குக்குள் கட்டி வைத்துவிடுகிறார்கள். ரூட்டை (ப்ராக்ஸ்மாக்ஸ் சிஸ்டம் இருக்கும் இடத்தை) இசட்எஃப்எஸ்ஸில் போடாமல் பின்னால் சேர்த்தால் அந்தக் கட்டு தானாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் 2 ஜிபி என்று நீங்களே எழுதி வையுங்கள்.

வெளி நகல்: பேக்கப் சர்வரில் 3.3 பதிப்பிலிருந்து கழற்றி மாட்டும் டேட்டாஸ்டோர் வசதி வந்துவிட்டது. பட்ஜெட் கூடும்போது 2 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒன்று. மாட்டியதும் முதல் டேட்டாஸ்டோரிலிருந்து சிங்க் செய்துகொள்ளலாம், முடிந்ததும் கழற்றிக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தால் திங்கள் எடுத்துப் போகலாம். கிளவுடு வேண்டும் என்றால் டேலியின் 2 ஜிபியை மட்டும் ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவியில் பூட்டி அனுப்புங்கள், அதற்கு அப்பாவிடம் கேட்கும் அளவுக்குச் செலவு ஆகாது.

டிஸ்க் வெளியே போகப்போகிறதால் பேக்கப்பை என்க்ரிப்ட் செய்துவிடுங்கள். அந்தச் சாவி மினி பிசியில் இருக்கும், மினி பிசியே போனால் சாவியும் போகும், மிச்சம் இருப்பது திறக்க முடியாத 720 ஜிபி. சாவியைக் க்யூஆர் கோடோடு காகிதத்தில் அச்சடிக்கப் பேக்கப் கிளையன்ட்டிலேயே பேப்பர்கீ என்ற கட்டளை இருக்கிறது. இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டுப் பீரோவில் பத்திரங்களோடும், ஒன்றைக் கடையிலும் வையுங்கள். கடையில் டிஸ்க் இருக்கும் அதே உறையில் வேண்டாம்!

எல்லாம் முடிந்ததும், லீவு நாளில் விண்டோஸை வேறு விஎம் எண்ணில் மீட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் நெட்வொர்க் கார்டில் டிஸ்கனெக்ட் டிக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஐபியில் இரண்டு விண்டோஸ் சண்டை போடும். டேலியைத் திறந்து கடைசி பில் எண்ணைப் பார்த்து, கடையில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். அந்த எண் ஒத்தால்தான் நான் பேக்கப் இருக்கிறது என்று கணக்கில் எழுதுவேன். வேறு பெட்டியில் மீட்டால் டேலி லைசென்ஸ் மறுபடி ஆக்டிவேட் கேட்கலாம், அந்த விவரத்தையும் எழுதி வையுங்கள்.

ஜவுளிக்கடை மகன், ஈரோடு

அளவைப் பார்த்தேன் அண்ணா, இம்மிச் பேக்கப் 9 ஜிபிதான் இருக்கிறது. நீங்கள் சொன்னது போலத்தான். அடாப்டரும் எஸ்எஸ்டியும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. பேக்கப் ஓடும்போது கரண்ட் போனால் பழைய பேக்கப்புக்கு ஏதும் ஆகுமா? எங்கள் ஏரியாவில் மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலை 9-லிருந்து 2 வரை நிறுத்துவார்கள். அது தவிர இரவில் மழை வந்தாலும் போகும்.

சர்வர்ரூம்வாசி, கோவை

அரைகுறையாக நின்ற பேக்கப்பை அது கணக்கில் சேர்க்காது, பழையதைத் தொடவும் தொடாது. மறுநாள் ஜாப் சரியாக ஓடிவிடும். பயம் மினி பிசிக்குத்தான். ஒரு 600 விஏ யுபிஎஸ் போட்டு, அதன் யுஎஸ்பி வயரை மினி பிசியில் சொருகி, நட் என்ற மென்பொருளை நிறுவுங்கள். பேட்டரி குறைந்ததும் விஎம்களை ஒழுங்காக நிறுத்திவிட்டுத் தானும் அணையும். வீட்டு இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம், மாறுகிற அந்தச் சின்ன இடைவெளியிலேயே சில பெட்டிகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அப்புறம் நேரம். இம்மிச் தன் டேட்டாபேஸை இரவு 2 மணிக்குத் தானாக ஒரு ஃபைலாக எடுத்துப் படங்களின் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும், 14 நாள் வரை. விஎம்முக்குள் டைம்சோனை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, பேக்கப் ஜாபை 3 மணிக்கு வையுங்கள். அன்றைய டேட்டாபேஸ் ஃபைலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். தோல்வியானால் மட்டும் மெயில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தினமும் வந்தால் ஒரு மாதத்தில் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள்.